தலை போனா ரவுண்ட் போச்சு: டைம் கில்லர்ஸ் என்ற ஒரு விபரீத கேம்

ஒரு கேம் மெஷின் முன்னாடி நிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. வருஷம் 1992. இடம், அமெரிக்காவில் ஏதோ ஒரு ஆர்கேட். பக்கத்து மெஷினில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடுது, அங்கே பெரிய க்யூ. இந்த மெஷினில் ஆளே இல்ல. சரி, காசு போடுறீங்க. ஒரு சாமுராயைத் தேர்ந்தெடுக்கறீங்க. எதிரில் ஒரு ஆதிமனுஷன், கையில் கோடரியோட வந்து நிக்கிறான்.

சண்டை ஆரம்பிச்சு சில நொடிதான். உங்க சாமுராயோட ஒரு கை தனியா கழண்டு கீழே விழுது. தோளிலிருந்து ரத்தம், கார்ப்பரேஷன் பைப் உடைஞ்ச மாதிரி பீய்ச்சி அடிக்குது. சாமுராய் அதைக் கண்டுக்கவே இல்ல. மிச்சம் இருக்கிற கையோட சண்டையைத் தொடர்றார். கொஞ்ச நேரத்தில் அந்தக் கையும் போச்சு. அப்பவும் ஆட்டம் முடியல! உதைக்கலாம், தலையால் முட்டலாம். வின்னர் படத்து கைப்புள்ளகூட இந்த நிலைமையில் வீட்டுக்குப் போயிருப்பார், நம்ம சாமுராய் போகமாட்டார்.

கடைசியா தலையும் போகுது. ரவுண்ட் முடிஞ்சுது. அடுத்த ரவுண்டில் ரெண்டு கை, ஒரு தலை, எல்லாம் பத்திரமா திரும்ப வந்து நிக்குது. ஒண்ணுமே நடக்காத மாதிரி.

இந்த கேமோட பேர் டைம் கில்லர்ஸ். நம்மில் பாதிப் பேர் பிறக்கறதுக்கு முன்னாடியே மறந்து போன கேம். இதைப் பத்தி ஏன் இப்போ எழுதணும்னு கேக்கலாம். காரணம் இருக்கு. ஒரு நல்ல ஐடியாவை ஒரே ஒரு பட்டன் காம்பினேஷன் எப்படிக் கொல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியல. அதே தப்பை நானும் பண்ணியிருக்கேன். அதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்றேன்.

யார் பண்ணாங்க?

இன்க்ரெடிபிள் டெக்னாலஜிஸ் என்ற கம்பெனி. சிகாகோ பக்கம், 1985-ல் ஆரம்பிச்சது. டைம் கில்லர்ஸை ஸ்ட்ராட்டா என்ற பெயரில் வெளியிட்டாங்க. உள்ளே ஓடினது மோட்டோரோலா 68000 ப்ராசசர். முதல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் இருந்த அதே சிப். நாம மைக்ரோப்ராசசர் பேப்பரில் 8086-ஐ மனப்பாடம் பண்றோமே, அதோட சமகாலத்து ஆள். சவுண்டுக்குன்னு தனியா ஒரு 6809.

கதை ரொம்பச் சின்னது. வரலாற்றின் வெவ்வேறு காலத்திலிருந்து எட்டு பேர். துக் என்ற ஆதிமனுஷன், லீஃப் என்ற வைக்கிங், முசாஷி என்ற சாமுராய், லார்டு வுல்ஃப் என்ற நைட், செயின்சாவோட வர்ற ரான்சிட் என்ற பங்க் பையன், ஓரையன் என்ற விண்வெளிப் போராளி, மேட்ரிக்ஸ் என்ற எதிர்காலப் பெண், மான்டாஸ் என்ற வெட்டுக்கிளி மாதிரியான ஒரு ஜந்து. எட்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் வெட்டணும். ஜெயிக்கிறவர் கடைசியில் சாவையே எதிர்த்துச் சண்டை போடணும். சாவுன்னா உவமை எல்லாம் இல்லங்க. அரிவாளோட நேரில் வர்ற சாவு. அவரையும் ஜெயிச்சா அமரத்துவம் பரிசு.

லாஜிக் எல்லாம் யாரும் கேக்கல. கேட்டிருந்தாலும் அந்த செயின்சா சத்தத்தில் கேட்டிருக்காது.

அஞ்சு பட்டன், அஞ்சு உறுப்பு

இப்போ விஷயத்துக்கு வருவோம். ஒரு ஃபைட்டிங் கேம் பண்ணும்போது முதல் கேள்வி: பட்டனுக்கு என்ன வேலை கொடுக்கறது?

1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் ஆறு பட்டன். மூணு குத்து, மூணு உதை. மூணும் பலத்தைப் பொறுத்து மாறும். மெதுவான குத்து பலமா விழும், வேகமான குத்து லேசா விழும். எதை எப்போ போடணும் என்பதுதான் ஆட்டம்.

1992-ல் மிட்வே கம்பெனியின் மோர்ட்டல் காம்பாட் வந்தது. அதில் அஞ்சு பட்டன். மேல் குத்து, கீழ் குத்து, மேல் உதை, கீழ் உதை. அஞ்சாவது பட்டனைத் தடுக்கறதுக்குன்னே ஒதுக்கிட்டாங்க.

அதே வருஷம் வந்த டைம் கில்லர்ஸிலும் அஞ்சு பட்டன்தான். ஆனா ஒவ்வொரு பட்டனும் ஒரு உறுப்பு. இடது கை, வலது கை, இடது கால், வலது கால். அஞ்சாவது, தலை.

ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க, இது உண்மையிலேயே அழகான மேப்பிங். புதுசா வர்றவங்களுக்கு எதையும் சொல்லித்தர வேண்டாம். வலது கை பட்டனை அழுத்தினா வலது கை வேலை செய்யும். அந்தக் கை வெட்டுப்பட்டா? பட்டனும் செத்துப்போகும். ஸ்க்ரீனில் நடந்த விபத்து உங்க விரலுக்கு வந்துடுது. அழுத்தறீங்க, ஒண்ணும் நடக்கல. லைஃப் பார் குறையறதைப் பாக்கறதைவிட இது ரொம்ப நேரடியான வலி. 'எனக்கு கை போச்சுடா'ன்னு ஆடறவர் வாயிலேயே வரும்.

ரத்தத்தை எல்லாம் ஒதுக்கிட்டுப் பார்த்தா இதுதான் டைம் கில்லர்ஸோட நிஜமான கண்டுபிடிப்பு. சேதாரம் என்பது வெறும் எண்ணா இல்லாம, உங்களால் என்ன செய்ய முடியும் என்பதையே மாத்துது.

கோட் எழுதிப் பார்த்தா

நம்ம பாஷையில் சொல்லணும்னா, ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு பிட் ஸ்டேட். இடது கை இருக்கா, வலது கை இருக்கா. ரெண்டு பிட்டுன்னா நாலு நிலை. எட்டு கேரக்டர், நாலு நிலை. ஒவ்வொரு நிலையிலும் நடக்கிறது, குதிக்கிறது, விழறது எல்லாத்துக்கும் படம் வேணும். ரெண்டே ரெண்டு பூலியன் வேரியபிள். ஆனா படம் வரையறவருக்கு வேலை எங்கேயோ போயிடும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. 2டி கேமில் ஆள் வலது பக்கம் பாக்கற படத்தை அப்படியே கண்ணாடி மாதிரி திருப்பித்தான் இடது பக்கம் பாக்கற படமா பயன்படுத்துவாங்க. மெமரி மிச்சம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-ல் சகட்டைப் பாருங்க, ஒரு கண்ணில் பட்டை கட்டியிருப்பார். அவர் திரும்பினா பட்டையும் அடுத்த கண்ணுக்குப் போயிடும். அங்கே அது ஒரு ஜோக்கோட முடிஞ்சுது. ஆனா இடது கைக்கு ஒரு பட்டன், வலது கைக்கு ஒரு பட்டன்னு வெச்ச கேமில் ஆள் திரும்பும்போது எந்தக் கை போனதுன்னு குழம்பினா என்ன ஆகும்? இப்படி ஒரு கேம் பண்ணலாம்னு நினைக்கிறவங்க, கோட் எழுதறதுக்கு முன்னாடி இதை ஒரு பேப்பரில் போட்டுப் பாருங்க. நான் பாக்கல. ரெண்டு ராத்திரி போச்சு.

அஞ்சையும் சேர்த்து அமுக்கு

இவ்வளவு நல்ல ஐடியா ஏன் விளங்கல?

ஏன்னா டைம் கில்லர்ஸில் இன்னொண்ணும் இருந்தது. அஞ்சு பட்டனையும் ஒரே நேரத்தில் அமுக்கினா அதுக்குப் பேர் டெத் மூவ். சரியா பட்டா எதிராளியோட தலை தனியா போயிடும். அவரோட லைஃப் பார் முழுசா இருந்தாலும் சரி. ரவுண்ட் அங்கேயே காலி.

இதை ஒரு சின்னக் கணக்கா பாப்போம். நம்பர் எல்லாம் உதாரணத்துக்கு நான் போடறது. சாதாரண அடி ஒண்ணு, எதிராளியோட லைஃபில் 5 சதவீதம் குறைக்குதுன்னு வெச்சுக்கோங்க. ஜெயிக்க 20 அடி வேணும். தலைவெட்டு எட்டு தடவை முயற்சி பண்ணா ஒரு தடவைதான் படும்னு வெச்சுக்கலாம். ரொம்பக் குறைவான வாய்ப்புன்னுதானே தோணுது? ஆனா எட்டு தடவை முயற்சி பண்றவருக்குக் குறைஞ்சது ஒரு தடவையாவது பட வாய்ப்பு, ஒண்ணு கழித்தல் எட்டில் ஏழோட எட்டாம் அடுக்கு. கிட்டத்தட்ட 66 சதவீதம். நீங்க பொறுமையா கத்துக்கிட்டு 20 அடி கொடுக்கறதுக்குள்ள, பக்கத்தில் இருக்கிறவர் உள்ளங்கையால் பட்டனை மொத்தமா தட்டிட்டு ஜெயிச்சுட்டுப் போயிடுவார்.

கேம் தியரியில் இதை டாமினன்ட் ஸ்ட்ராடஜின்னு சொல்வாங்க. எதிராளி என்ன பண்ணாலும் சரி, உங்களுக்கு லாபமான வழி ஒண்ணே ஒண்ணு. அப்படி ஒரு வழி இருந்துட்டா மத்த வழி எல்லாம் சும்மா அலங்காரம். கை வெட்டறது, ஒத்தைக் கையோட சமாளிக்கறது, அந்த அழகான மேப்பிங், எதையும் யாரும் முழுசா அனுபவிக்கறதுக்குள்ள ரவுண்ட் முடிஞ்சுடும்.

கை போறதுலயும் ஒரு சிக்கல் இருக்கு. கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குத் தெரியும், பாசிட்டிவ் ஃபீட்பேக். கை போனவர் பலவீனம் ஆகறார். பலவீனமானவர் இன்னும் அடி வாங்கறார். இன்னும் பலவீனம் ஆகறார். தோத்துக்கிட்டு இருக்கிறவர் திரும்பி வர்றது கஷ்டம்.

"செஸ்ஸிலும் அப்படித்தானே, யானை போனா போச்சுதானே?"ன்னு நீங்க கேக்கலாம். நியாயமான கேள்வி. ஆனா செஸ்ஸில் யானை ஏன் போச்சுன்னு உங்களுக்குத் தெரியும். ஒத்தை யானையோட இருந்தும் திரும்பி வந்து ஜெயிச்சவங்க இருக்காங்க. முக்கியமா, எல்லாக் காயையும் ஒரே நேரத்தில் தள்ளிவிட்டு ராஜாவைத் தூக்கறதுக்குன்னு செஸ்ஸில் ஒரு பட்டன் கிடையாது. ராஜாகிட்ட போகணும்னா வழி போட்டுத்தான் போகணும்.

மோர்ட்டல் காம்பாட் என்ன வித்தியாசமா செஞ்சது?

ரத்தம்னா அங்கேயும் ரத்தம்தான். அந்த கேமிலும் தலை போகும், இதயத்தைப் பிடுங்குவாங்க. ஆனா எப்போ? ஆட்டம் முடிஞ்ச அப்புறம். எதிராளி தோத்துட்டு, தள்ளாடிக்கிட்டு நிப்பார். ஜெயிச்சவருக்குச் சில நொடி கிடைக்கும். அதுக்குள்ள சரியான வரிசையில் பட்டனை அழுத்தினா ஃபேட்டாலிட்டி. அழுத்தத் தெரியலையா, சாதாரணமா முடிச்சுட்டுப் போகலாம். வெற்றி தோல்வி மாறாது.

அதாவது அங்கே வன்முறை, ஜெயிச்சவருக்குக் கிடைக்கிற ஒரு பாராட்டு விழா. ஆட்டத்தோட விதியை அது தொடவே இல்ல. டைம் கில்லர்ஸில் வன்முறைதான் விதி. இந்த ஒரு இடத்தில்தான் ரெண்டு கேமும் பிரியுது.

ஃபேட்டாலிட்டி ஒரு ரகசியமாவும் இருந்தது. எந்த வரிசைன்னு தெரிஞ்சவர் ஆர்கேடில் ஹீரோ. பக்கத்தில் நின்னு பாக்கறவங்க அதைக் கத்துக்கணும்னு இன்னும் காசு போடுவாங்க. அஞ்சு பட்டனையும் மொத்தமா அமுக்கறதில் கத்துக்க என்ன இருக்கு?

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் வீடியோ கேம் வன்முறை பத்தி விசாரணை நடந்தது. அங்கே அதிகம் அடிபட்ட பேர் மோர்ட்டல் காம்பாட், நைட் ட்ராப். அடுத்த வருஷமே கேம்களுக்கு வயசு ரேட்டிங் கொடுக்க இஎஸ்ஆர்பி அமைப்பு வந்துடுச்சு. ஒவ்வொரு ரவுண்டிலும் கை கை-யா வெட்டிப் போட்ட டைம் கில்லர்ஸ் அந்தப் பஞ்சாயத்தில் தலைப்புச் செய்தி ஆகல. திட்டு வாங்கறதுக்குக்கூட முதல்ல நாலு பேர் விளையாடியிருக்கணும் போல.

என் கதை

இப்போ, தள்ளிச் சொல்றேன்னு சொன்ன விஷயம்.

போன வருஷம் நம்ம டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு நானும் என் ரூம்மேட்டும் சேர்ந்து ஒரு கேம் பண்ணோம். ரெண்டு பேர், ஒரே கீபோர்டு, சண்டை. நான் கோட், அவன் படம். டேப்லெட் எல்லாம் கிடையாது. நோட்டில் வரைஞ்சு, ஃபோனில் போட்டோ எடுத்து, ஒவ்வொரு ஃப்ரேமா கட் பண்ணி ஏத்தினான். ஆறு வாரம். பின்னாடி குதிச்சு, சுவரில் கால் வெச்சு, திரும்பி வந்து உதைக்கிற ஒரு மூவ் இருந்தது. அதுக்கு மட்டும் 22 படம். ஹாஸ்டலில் கரண்ட் போன ராத்திரிகூட டார்ச் வெளிச்சத்தில் வரைஞ்சான்.

சிம்போசியத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு ஒரு ஆசை. மூணு கீயைச் சேர்த்து அமுக்கினா எதிராளி ஒரே அடியில் பறந்து ஸ்க்ரீனை விட்டு வெளியே போயிடணும். மாஸா இருக்கும்னு தோணுச்சு. அவன்கிட்ட கேக்கல. பத்து வரி கோட்கூட இருக்காது.

காலையில் ஸ்டாலில் நல்ல கூட்டம். பத்தரை மணிக்குள்ள யாரோ அந்த மூணு கீயைக் கண்டுபிடிச்சுட்டாங்க. பதினொரு மணிக்கு க்யூவில் நின்ன எல்லாருக்கும் தெரியும். உட்காருவாங்க, மூணு கீயைப் படபடன்னு தட்டுவாங்க, ஒருத்தர் பறப்பார், எல்லாரும் சிரிப்பாங்க, அடுத்த ஆள். சராசரியா ஒரு ஆட்டம் நாலு செகண்ட்.

உண்மையைச் சொல்லணும்னா மதியமே எனக்குப் புரிஞ்சுடுச்சு. ஒரே ஒரு வரியை கமென்ட் பண்ணியிருந்தா போதும். பண்ணல. கூட்டம் இருந்தது, சிரிப்பு இருந்தது, 'செம்ம கேம் மச்சி'ன்னு சீனியர் ஒருத்தர் தோளில் தட்டினார். எனக்கு அது பிடிச்சிருந்தது.

சாயங்காலம் டேபிளை மடிக்கும்போது ரூம்மேட் ஒண்ணே ஒண்ணு கேட்டான். "அந்த சுவர் உதையை யாராவது போட்டாங்களாடா?"

யாரும் போடல. 22 படத்தில் ஒண்ணைக்கூட யாரும் பாக்கல.

சண்டை எல்லாம் போடல அவன். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டீம் போடும்போது வேற டீமில் பேர் கொடுத்தான், அவ்வளவுதான். அதுக்கு அப்புறம்தான் ஒரு ராத்திரி யூடியூபில் டைம் கில்லர்ஸ் வீடியோ என் கண்ணில் பட்டது. எல்லாரும் பாக்கற மாதிரி முதல்ல சிரிச்சேன். ரெண்டாவது தலை போனப்போ சிரிப்பு வரல.

அப்போ ஒரே அடியில் ஆளைக் காலி பண்றதே தப்பா?

இல்ல. 1997-ல் ப்ளேஸ்டேஷனுக்கு புஷிடோ ப்ளேட்னு ஒரு ஜப்பானிய கேம் வந்தது. லைட் வெயிட் என்ற கம்பெனி பண்ணி, ஸ்கொயர் வெளியிட்டது. அதில் லைஃப் பாரே கிடையாது. டைம் லிமிட்டும் கிடையாது. சரியான இடத்தில் ஒரு வெட்டு, ஆள் காலி. காலில் பட்டா நொண்டணும், மண்டி போட்டுச் சண்டை போடணும். டைம் கில்லர்ஸோட ரெண்டு ஐடியாவும் அப்படியே இருக்கு.

ஆனா அந்த கேமை இன்னிக்கும் மரியாதையா பேசறாங்க. ஏன்னா அங்கே ஒரு வெட்டு எப்பவும் கொல்லலாம் என்பதையே மையமா வெச்சு மத்த எல்லாத்தையும் கட்டினாங்க. வாளை எந்த உயரத்தில் பிடிக்கிறீங்க, எப்போ தடுக்கிறீங்க, எவ்வளவு தள்ளி நிக்கிறீங்க, எல்லாத்துக்கும் அர்த்தம் இருக்கு. அவசரப்பட்டு வீசினா நீங்கதான் சாவீங்க. அதனால் ரெண்டு பேரும் தயங்கி, சுத்திச் சுத்தி வருவாங்க. அந்தத் தயக்கம்தான் ஆட்டம்.

டைம் கில்லர்ஸில் லைஃப் பாரும் இருந்தது, அதை அர்த்தமில்லாம ஆக்கற பட்டனும் இருந்தது. ரெண்டு கேமை ஒரே பெட்டியில் போட்ட மாதிரி. சின்னது பெருசைத் தின்னுடுச்சு.

அந்தக் கம்பெனி என்ன ஆச்சு?

இதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி. 1994-ல் அதே கம்பெனி ப்ளட் ஸ்டார்ம்னு இன்னும் ரத்தமா ஒரு கேம் விட்டாங்க. அதுவும் மோர்ட்டல் காம்பாட் பக்கத்தில் நிக்கல. 1996-ல் டி.எச்.க்யூ மூலமா டைம் கில்லர்ஸ் செகா ஜெனிசிஸுக்கு வந்தது. விமர்சகர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க.

ஆனா கம்பெனி மூழ்கல. அவங்க கையில் இன்னொரு கேம் இருந்தது. 1989-லேயே ஆரம்பிச்ச கோல்டன் டீ. கோல்ஃப் கேம்! ஒரு உருண்டையை உள்ளங்கையால் உருட்டினா பந்து பறக்கும், அவ்வளவுதான். கை போகாது, தலை போகாது. உருட்டற வேகமும் கோணமும்தான் ஆட்டம். மெதுவா உருட்டறதுக்கும் வேகமா உருட்டறதுக்கும் நடுவில் ஆயிரம் நிலை. நேத்து ஆடினதைவிட இன்னிக்கு ஒரு துளி நல்லா ஆடலாம். அமெரிக்க பார்களில் ஆர்கேட் மெஷின் எல்லாம் காணாமப் போன காலத்திலும் இது நின்னுச்சு. புதுப்புது பதிப்பு வந்துக்கிட்டே இருந்தது.

ஒரே கம்பெனி. ஒரு கேமில் உள்ளங்கையால் தட்டினா ஜெயிச்சுடலாம். இன்னொண்ணில் உள்ளங்கையைப் பழக்கணும்.

நீங்க கேம் பண்றீங்கன்னா

ஒரு சின்ன டெஸ்ட். உங்க கேமைத் தெரியாத ரெண்டு பேர்கிட்ட கொடுங்க, அரை மணி நேரம் ஆட விடுங்க. எந்த கீ எத்தனை தடவை அழுந்துதுன்னு ஒரு ஃபைலில் பதிவு பண்ணுங்க. முதல் பத்து நிமிஷத்தையும் கடைசி பத்து நிமிஷத்தையும் ஒப்பிடுங்க. கடைசியில் அவங்க பயன்படுத்தற மூவ் அதிகமாகியிருந்தா கேம் உயிரோட இருக்கு. ஒண்ணு ரெண்டா சுருங்கியிருந்தா உங்க கேமில் எங்கேயோ ஒரு தலைவெட்டு பட்டன் ஒளிஞ்சிருக்கு. தேடி எடுங்க. கூட்டம் சிரிச்சாலும் எடுங்க.

நான் எடுத்துட்டேன். செமஸ்டர் லீவில் உட்கார்ந்து அந்தப் பத்து வரியை அழிச்சேன். இப்போ ஒரு ஆட்டம் ஒரு நிமிஷத்துக்கு மேல போகுது. சுவர் உதையைச் சமாளிக்க எதிராளி கீழே குனியணும், குனிஞ்சவரை வேற மாதிரி அடிக்கலாம். போன வாரம் ஜூனியர்ஸ் நாலு பேர் ஆடினாங்க. லாக் ஃபைலில் சுவர் உதை 31 தடவை இருக்கு.

அந்த ஃபைலை ரூம்மேட்டுக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை வந்து ஒரு ஆட்டம் ஆடுறியாடான்னு கேட்டேன்.

"பாக்கலாம்"னு ரிப்ளை வந்திருக்கு.